எந்த மானும் அவளை மோந்ததில்லை

மனைவி ஐலா இறந்த பிறகு நெல்ஸ் வீடு முழுக்க அவள் வாசனையைத் தேடினான். கிடைக்கவில்லை.

தலையணையில் இல்லை. சீப்பில் இல்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்துப் பார்த்தான். தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது.

அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அவள் போனது அக்டோபரில், வில் வேட்டை நடக்கும் மாதத்தில். ஆகஸ்ட் பிறந்தாலே அந்த வீட்டில் மணமுள்ள சோப்பும் ஷாம்பூவும் சலவைப்பொடியும் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். மணமில்லாத சோப்பு முன்னுக்கு வரும். மெத்தை விரிப்பிலிருந்து கைக்குட்டை வரை எல்லாம் அதில்தான் துவைக்க வேண்டும். மெழுகுவத்தி கொளுத்தக் கூடாது. வெங்காயம் வதக்கக் கூடாது. பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் வாசலிலேயே ஆப்பசோடாவால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நெல்ஸ் வேட்டைக்குப் போனாலும் போகாவிட்டாலும் இந்தச் சட்டம் அவனுக்கும் உண்டு. ஒரே மெத்தையில் படுப்பவன் அல்லவா.

"மனுஷ வாடை மானுக்கு எப்படி இருக்கும் தெரியுமா?" என்பாள் ஐலா. "நாம கத்திக்கிட்டே காட்டுக்குள்ள போற மாதிரி. நான் வாயை மூடிக்கிட்டுப் போறேன். அவ்வளவுதான்."

அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. எந்த மானும் தன்னை மோந்ததில்லை என்பது. அதை நிரூபிக்கவே அவள் தன் பரணைத் தப்பான இடத்தில் கட்டினாள். சுப்பீரியர் ஏரியிலிருந்து உள்ளே தள்ளி, அவள் குடும்பத்துக் காட்டில், ஒரு சரிவின் விளிம்பில் மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதற்குக் கீழே புல் நிறைந்த தாழ்வு. மான்களின் பாதை அதன் வழியாகப் போகிறது. பொழுது சாயும்போது குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கும். மேப்பிளில் உட்கார்ந்திருப்பவனின் மணம் அப்படியே வழிந்து பாதையில் போய்த் தேங்கும். புத்தியுள்ள எவரும் அங்கே பரண் கட்டமாட்டார்கள்.

அவள் அண்ணன் வெர்ன் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு மரம் ஏறணுமா? மானுக்கு ஒரு போனைப் போட்டு, நான் இங்கதான் இருக்கேன், வராதேன்னு சொல்லிடலாமே."

அந்த வருடமே அவள் அங்கிருந்து ஒரு கிடா மானை வீழ்த்தினாள். அடுத்த வருடமும். காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெண் மான் தினமும் அந்தப் பாதையில் வரும். அதன் மேல் அவள் அம்பு விட்டதே இல்லை. "அது என் பரீட்சை" என்பாள். "அதுக்குத் தெரியாம இருந்தா வேற எதுக்கும் தெரியாது." கிழிந்த காதுக்காரி அவள் காலடியில் புல் மேய்ந்துவிட்டுப் போகும். ஒருமுறைகூடத் தலையைத் தூக்கியதில்லை.

போன அக்டோபரில் ஒரு மாலை அவள் அந்தப் பரணிலிருந்து இறங்கும்போது தலைவலி என்றாள். வண்டியில் ஏறியதும் வாந்தி எடுத்தாள். நெல்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மூளையில் ஒரு நரம்பு வெடித்திருந்தது. விடியும்போது ஒரு நர்ஸ் அவள் உடுத்தியிருந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தாள். பச்சை ஜாக்கெட், கையுறை, அவள் அம்மா பின்னிய கம்பளித் தொப்பி.

அந்த வீட்டில் ஐலா வாசனை உள்ளது அது ஒன்றுதான். அன்றைக்கு மட்டும் சோப்பு தோற்றிருந்தது.

நெல்ஸ் அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்து, இறுக்கி மூடினான். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். வாசனை என்பது ஒரு பொருள் என்பதும், மோந்தால் அது குறையும் என்பதும் அவனுக்குத் தெரியும். சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது, வேறு மணம் சேரக்கூடாது. அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும், நீராவிக் குளியலுக்கான சவ்னா குடிலில், சூடு எட்டாத உடை மாற்றும் அறைப் பெஞ்சுக்கு அடியில், ஐலா தன் வேட்டைத் துணிகளை வைத்திருந்த பெட்டி. அங்கே வைத்தான்.

குளிர்காலத்தில் ஒருமுறை திறந்தான். முதலில் வாந்தியும் வியர்வையும். அதற்குப் பின்னால் அவள் வாசனை, காதுக்குப் பின்பக்கம் மோந்தால் வருவது. பனி உருகிய பிறகு இன்னொரு முறை. முன்பைவிட மெலிந்திருந்தது. மூன்றாவது முறை அவள் இறந்த நாளன்று என்று வைத்துக்கொண்டான். அந்த நாள் அடுத்த வாரம் வரவிருந்தது. அதற்காகத்தான் அவன் காலையில் எழுந்தான், பள்ளிக்குப் போனான், சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் கொடியில் துணி தொங்கியது. தூரத்திலிருந்தே பச்சை ஜாக்கெட் தெரிந்தது. அதன் மேல் பனி விழுந்த மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பனி விழ இன்னும் நாள் இருக்கிறது. கிட்டே போனான். எருக்கம்பஞ்சு. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஐலா எப்போதும் பாக்கெட்டில் ஒரு எருக்கங்காய் வைத்திருப்பாள். ஓர் இழையைப் பறக்கவிட்டால் காட்டுக்குள் காற்று நகரும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அவன் மாமியார் மார்லீன் வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கிளிப்பை எடுத்தாள்.

"வந்துட்டியா? சாவி பூந்தொட்டிக்கு அடியிலதான இருக்கும், எடுத்துக்கிட்டேன். நாளைக்கு நீயும் காட்டுக்கு வர்றேன்னு வெர்ன் சொன்னான். எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

வெர்ன் கேட்டிருந்தான். நெல்ஸ் தலையை ஆட்டியிருந்தான். யார் எது கேட்டாலும் ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது.

"பெட்டியில இருந்ததையெல்லாம் போட்டு எடுத்துட்டேன். உன்னுது அவளுது எல்லாம். நீ ஒரு பையைத் தனியா இறுக்கிக் கட்டி வச்சிருந்தியே, அதையும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "திறந்ததும் என்னால முடியல. கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சுலயே உக்காந்துட்டேன். அப்புறம் நினைச்சேன், அவ தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போகணும்னு நீ எடுத்து வச்சிருக்கே. அதானே? நல்ல காரியம். அதைப் போய் அழுதுக்கிட்டா செய்றதுன்னு எழுந்து மெஷினைப் போட்டேன்."

அந்தப் பக்கத்தில் வேட்டைப் பெட்டிக்குள் இறுக்கிக் கட்டிய துணி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். துவைத்து, காற்றுப் புகாமல் வைத்து, காட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறது. மணம் ஏறியிருந்தால் மறுபடி துவைப்பார்கள். அவள் குடும்பத்தில் யார் முதல் நாள் வேட்டைக்குப் போனாலும் துணியைத் துவைத்துக் கொடுப்பது மார்லீனின் வேலை.

"ஒரு வாடை இருந்துச்சுப்பா. ஒரு தடவைக்குப் போகல. சோடா போட்டு ரெண்டாவது தடவையும் ஓட்டினேன். பாக்கெட்டைத்தான் பார்க்காம விட்டுட்டேன், பஞ்சு பூரா ஒட்டிக்கிச்சு. ஆனா பஞ்சுக்கு வாடை கிடையாதே." அவள் கொடியிலிருந்து தொப்பியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு."

அவன் மோந்து பார்த்தான்.

"ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமே இல்ல."

"பார்த்தியா!" என்றாள் மார்லீன். அவள் கண் நிறைந்திருந்தது. "அவ இருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

ஒவ்வொரு வருடமும் அவன் கரும்பலகையில் சோப்பின் மூலக்கூறை வரைந்து காட்டுவான். ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும். மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பிடித்ததை இழுத்துக்கொண்டு போய்விடும். நல்ல சோப்பு. வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

மறுநாள் மதியம் வெர்ன் வந்து சவ்னாவின் அடுப்பை மூட்டினான். காட்டுக்குப் போகும் முன் உடம்பை வேகவைத்து, மணமில்லாத சோப்பால் தேய்த்துக் கழுவியாக வேண்டும். இருவரும் மேல்பலகையில் உட்கார்ந்தார்கள். வெர்ன் மர லாரி ஓட்டுபவன். உட்கார்ந்தால் பலகை முனகும். சூடான கல்லில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினான். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது.

"என்ன வாத்தியாரே, பூண்டு தின்னியா? பீட்சா கடைக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

"அது நீ."

"நானா? ஒரு வாரமா ஓட்ஸ் கஞ்சியில உயிர் வாழுறேன். மரம் ஏத்துறவனுங்க எல்லாம், என்ன வெர்ன், டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரான்னு கேக்குறானுங்க." அவன் அக்குளைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டான். "பொறந்த குழந்தை தோத்துடும்."

நெல்ஸ் சிரிக்கவில்லை. வெர்ன் இன்னொரு கரண்டி ஊற்றினான்.

"தொப்பியைப் போட்டுக்கிட்டு வருவியா?"

"ம்."

"போட்டுக்கோ. அவளுக்கும்..." என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் மூன்றாவது கரண்டியையும் ஊற்றிவிட்டான். அதற்குமேல் யாராலும் மூச்சுவிட முடியவில்லை. அதுவே வசதியாக இருந்தது.

நெல்ஸின் பரண் அதே தாழ்வின் கீழ்க்கோடியில், ஓடை வெளியேறும் இடத்தில் இருக்கிறது. சரியான இடம். மாலையில் அவன் மணத்தை ஓடைக் காற்று காட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கிருந்து பார்த்தால் புல்வெளிக்கு அந்தப் பக்கம் மேப்பிள் மரமும், அதில் சாத்திய ஏணியும், மேலே காலி இருக்கையும் தெரியும். இலை எல்லாம் கொட்டிவிட்டிருந்தது. மறைக்க எதுவும் இல்லை. அவன் வில்லைக் கொக்கியில் மாட்டினான். திரும்ப எடுக்கும் எண்ணம் இல்லை. வீட்டில் இருக்க முடியாததால் வந்திருந்தான்.

வெயில் மரமுனைகளுக்கு ஏறியபோது காற்று இறங்கத் தொடங்கியது. கன்னத்தில் குளிர் பட்டது. தேவதாரு மரங்களுக்குள்ளிருந்து கிழிந்த காதுக்காரி வெளியே வந்தாள். பாதையில் தலை குனிந்து நடந்தாள். ஒரு வாய் புல். இரண்டு அடி. இன்னொரு வாய்.

மேப்பிளுக்கு நேர் கீழே வந்ததும் அவள் நின்றாள்.

தலை உயர்ந்தது. மூக்கு மேலே போயிற்று. காது இரண்டும் முன்னால் திரும்பின. அவள் பார்த்தது ஏணியை அல்ல, இருக்கையை. முன்காலைத் தூக்கி மெல்லத் தரையில் தட்டினாள். மறுபடி தட்டினாள். மான் அப்படித் தட்டுவது ஆள் அசைகிறானா என்று பார்க்க. பிறகு மூக்கால் ஒரு சீறல், தார்ப்பாய் கிழிந்த மாதிரி. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு தேவதாருகளுக்குள் பாய்ந்து போனாள்.

நெல்ஸ் தொப்பியில் ஒட்டியிருந்த பஞ்சில் ஓர் இழையைப் பிடுங்கிக் காற்றில் விட்டான். அது அவன் முழங்காலைத் தாண்டி, ஓடையைப் பிடித்து, வெளிப்பக்கமாகப் போயிற்று. மான் நின்ற திசைக்கு நேர் எதிராக.

அவள் மோந்தது அவனை அல்ல.

வண்டி நின்ற இடத்தில் வெர்ன் காத்திருந்தான். "சீறினது கேட்டுச்சு. உன்னைப் பார்த்தா?"

"இல்ல. ஐலா பரணைப் பார்த்து."

வெர்ன் கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினான். "அப்ப உனக்கும் அப்படித்தானா." காலால் ஒரு குச்சியைத் தள்ளினான். "இந்த வாரம் பூரா இதே கதை. உன்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"யாராவது அதுல ஏறினாங்களா?"

"யாரு ஏறுவா? பக்கத்துக் காட்டுக்காரன்கிட்டகூடக் கேட்டுட்டேன். போன அக்டோபருக்கு அப்புறம் அதுல ஒருத்தன் கை வைக்கல." அவன் வண்டிக் கதவைத் திறந்தான். "அந்த இருக்கை மெத்தைதான். எலி கூடு கட்டியிருக்கும்."

"எலியைப் பார்த்து மான் சீறாது."

"அப்ப வேற எதைப் பார்த்துச் சீறுது? நீ படிச்சவன், சொல்லு."

வண்டி மண்பாதையில் ஆடியபடி போயிற்று. கொஞ்ச தூரம் போன பிறகு வெர்ன் பேசினான்.

"அவ மூணு வருஷமா ஒரு கிடாவுக்காகக் காத்திருந்தால்ல, அகலக் கொம்பன். அது இந்த வருஷமும் இருக்கு. பாதையில தடம் பார்த்தேன். ஆனா கிழவி ஒரு தடவை சீறினா காடு பூரா உஷாராயிடும். நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் நான் போயி பரணைக் கழட்டிடுறேன். மரத்துக்கும் மருந்து அடிச்சு வாடையைக் கொன்னுடலாம். அந்தக் கிடாவை அவளுக்காக எடுக்கணும் வாத்தியாரே. அதைத் தவிர நான் அவளுக்குச் செய்ய வேற என்ன இருக்கு?"

அது நியாயமான பேச்சு. நெல்ஸ் தலையை ஆட்டினான்.

ஆனால் தூங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு குளிர்காலத்தின் பனி முழுக்க அந்த இருக்கையின் மேல் கிடந்திருக்கிறது. அது உருகி ஓடியிருக்கிறது. பிறகு மழை, கோடை வெயில். எந்த மூலக்கூறும் மிஞ்ச வழியில்லை. மிஞ்சியிருந்தாலும், மணமே இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்தவள் எதை விட்டுவிட்டு வந்திருப்பாள்? அன்றைக்கு ஒரு மாலை. தலைவலி தொடங்கி, வியர்க்கத் தொடங்கி, இறங்குவதற்கு முன் இருந்த கொஞ்ச நேரம். அவ்வளவுதான். கணக்கு ஒப்பவில்லை. மான் கணக்குப் படித்ததில்லை.

ஞாயிறு மதியம் அவன் வெர்னுக்கு முன்பே அங்கே போய்விட்டான். ரப்பர் பூட்ஸ், கையுறை, துவைத்த தொப்பி. ஏணியின் அடியில் நின்றான். ஏறி, அந்த மெத்தையில் முகத்தை வைத்து அழுத்த வேண்டும். உடம்பு முழுக்க அது ஒன்றைத்தான் கேட்டது. ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய கால் நின்றுவிட்டது.

ஏறினால் அவன் மணம் அதில் ஏறும். அவன் மூச்சு, அவன் எண்ணெய், அவன் தோல். அதற்கப்புறம் மான் மோப்பது யாரை? அவன் ஓரடி பின்னால் வந்தான். வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஏணி ஏறினால் கைக்கெட்டும் உயரத்தில், ஒரு வருடமாக அவன் தேடியது இருக்கிறது. அல்லது இல்லை. தொட்டுப் பார்த்தால் கண்டிப்பாக இருக்காது.

வெர்ன் சரிவில் இறங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, ஷேவிங் லோஷன், சர்ச் காபி. ஒரு கையில் ஸ்பேனர், மறுகையில் மருந்துக் குப்பி. இருபது அடியிலேயே அவன் வாடை வந்துவிட்டது.

"நீ எப்ப வந்தே? நல்லது, ஏணியைப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே வெறுங்கையை ஏணியை நோக்கி நீட்டினான்.

"கை வைக்காத!"

வெர்ன் கை அந்தரத்தில் நின்றது. அந்த ஒரு வருடத்தில் நெல்ஸ் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நெல்ஸே கேட்டதில்லை.

"என்னடா?"

"கை வைக்காத. எதையும் தொடாத. மருந்து அடிக்காத."

"வாத்தியாரே, இது ஒரு இரும்பு ஏணி."

"அவ இருக்கா அதுல."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது. வெர்ன் அவனையே பார்த்தான். குடித்திருக்கிறானா என்று பார்ப்பது போல. நெல்ஸ் சொன்னான். பையைப் பற்றிச் சொன்னான். இரண்டு முறை திறந்ததை, அடுத்த வாரம் திறக்கவிருந்ததை. கொடியில் தொங்கிய ஜாக்கெட்டை. சுருக்கமாகத்தான் சொன்னான். ஆனாலும் முடிக்க நேரமாயிற்று.

"அம்மாகிட்ட சொன்னியா?" என்றான் வெர்ன்.

"மோந்து பாருன்னு நீட்டினாங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

வெர்ன் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சொல்லாத. என்னைக்கும் சொல்லாத."

"சொல்லமாட்டேன்."

"போன வருஷம் என் லாரியில ஏறமாட்டேன்னுட்டா, தெரியுமா? மழை கொட்டுது. டீசல் நாத்தமாம். ரோட்டோரமா நடந்தே போனா சனியன். நான் பக்கத்துலயே உருட்டிக்கிட்டு, ஏறுடி, ஏறுடின்னு கெஞ்சிக்கிட்டு வர்றேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் பாதியிலேயே வேறு பக்கம் போய்விட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு சரிவில் ஏறினான். ஸ்பேனரும் குப்பியும் வண்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது வெறுங்கையோடு வந்தான்.

"கிடா போனா போகட்டும்" என்றான். "நான் பார்க்கணும். அது அவளை மோக்குறதை நான் பக்கத்துலேருந்து பார்க்கணும்."

ஓடையோரம், நெல்ஸின் பரணுக்குக் கீழே ஒரு மரம் விழுந்து கிடந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஓராள் இடைவெளி விட்டு. வெர்ன் மீது வீசிய லோஷனுக்கு வேறு நாளாக இருந்தால் ஐலா அவனை ஓடையிலேயே தள்ளியிருப்பாள். பரவாயில்லை. ஓடைக் காற்று அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். வில் கொண்டுவரவில்லை. வெயில் புல்லைவிட்டு ஏறியது, மரங்களைவிட்டு ஏறியது. காற்று இறங்கிற்று.

கிழிந்த காதுக்காரி வந்தாள்.

மேப்பிளுக்குக் கீழே வந்து நின்றாள். மூக்கு உயர்ந்தது. கறுத்த ஈர மூக்கின் துளைகள் விரிந்து சுருங்குவது அங்கிருந்தே தெரிந்தது. முன்கால் எழுந்து தட்டியது.

"நம்ம ஐலா மாட்டிக்கிட்டா" என்றான் வெர்ன், உதடு அசையாமல். "மாட்டிக்கிட்டா பாரு. கடைசியில." அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நெல்ஸ் அவன் பக்கம் திரும்பவில்லை.

சீறல் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. மான் ஓடவும் இல்லை. அண்ணாந்திருந்த அதன் முகம் மெல்லத் தாழ்ந்தது. இருக்கையிலிருந்து ஏணியின் மேல்படிக்கு. அங்கே கொஞ்சம் நின்று அடுத்த படிக்கு. அதற்கடுத்த படிக்கு. யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு, வில்லை ஒரு கையில் பிடித்து, காலால் படியைத் தேடித் தேடி இறங்குவதைப் பார்ப்பது போல அது பார்த்தது. ஏணியின் அடிக்கு வந்ததும் பார்வை அங்கேயே நின்றது. பிறகு புல்வெளியின் குறுக்கே நகரத் தொடங்கியது. நிதானமாக. நடக்கிற ஆளின் வேகத்தில். புல் அசையவில்லை. காது இரண்டும் பார்வையோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே வந்தன.

பார்வை மரக்கட்டைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

வெர்ன் மூச்சே விடவில்லை. "காத்து" என்றான், தொண்டைக்குள். "காத்து மாறிடுச்சா?"

நெல்ஸ் மிக மெதுவாகக் கையைத் தூக்கித் தொப்பியிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கினான். விட்டான். அது அவர்களுக்குப் பின்னால் மிதந்து, ஓடையின் மேல் இறங்கி, காட்டுக்கு வெளியே போயிற்று. நேற்றுப் போன அதே வழி. மானுக்கு எதிர்ப்பக்கம்.

மான் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, எப்போதும் போல, தலையைக் குனிந்து ஒரு வாய் புல் கடித்தது.

நெல்ஸ் மூச்சை இழுத்தான். ஈர இலை. அண்ணன்காரனின் லோஷன். அதைத் தவிர ஒன்றும் இல்லை. எந்த வாசனையும் இல்லை. ஐலா பக்கத்தில் வந்து உட்காரும்போது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

கட்டை சின்னதாக முனகியது. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். வெர்ன் தன் பெரிய உடம்பைத் தூக்கி, சத்தம் வராமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டுக்கொண்டிருந்தான்.